சின்னத்துரையின் முழங்காலுக்கு முப்பத்தொரு போத்தல்

யாராவது கடைக்கு வந்து, "கிழட்டுக் குதிரைக்கு மூட்டு நோவுக்கு மலிவாய் ஏதும் இருக்கோ?" என்று கேட்டால், முதலில் அவருக்கு ஒரு கதிரையைப் போடுங்கள். பிறகு உங்கள் வாயை மூடுங்கள். நான் கதிரையைப் போட்டேன், வாயை மூடவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு ஊரே இரண்டு மாதம் ஒரு குதிரையின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றது. கால்நடை மருந்துக் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் கேட்டதால் அதை எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற இடம் எதுவும் வராது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். என் படிப்பில் பாதி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாள். மீதிப் பாதி, சனத்தின் வாய். ஒரு மனிசி தன் ஆட்டைப் பற்றிச் சொன்னாள்: "அண்ணை, ஆடு பெருமூச்சு விடுது, ஆனா அதுக்கு ஒரு கவலையும் இல்லை." இன்னொருவர், "கோழியெல்லாம் கூட்டம் முடிஞ்சு வந்த ஆக்கள் மாதிரி நிக்குதுகள்" என்றார். இப்படிச் சொல்கிறவர்களிடமிருந்து எனக்கு மிருகத்துக்கு என்ன வருத்தம் என்று விளங்கிவிடும். தாளில் இருப்பதைவிட நன்றாக விளங்கும். விளங்கிவிடும் என்கிற அந்தத் திமிர்தான் என்னை மாட்டிவிட்டது.

வந்தவன் தவராசா. நாங்கள் தவம் என்போம். கலியாண வீடுகளுக்குப் பந்தல் போடுவதும் வாழைமரம் கட்டுவதும் அவனுடைய தொழில். வெளிநாட்டிலிருந்து வருகிற மாப்பிள்ளைமார் குதிரையில் வந்து இறங்க ஆசைப்படத் தொடங்கியதும், நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்வு பெற்ற வெள்ளைக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்தான். ஏனடா மனிசப் பெயர் என்று கேட்டால், "முகத்தைப் பாருங்கோ அண்ணை. பென்சன் எடுத்த போஸ்ற்மாஸ்ரர் மாதிரி இல்லையோ?" என்பான். உண்மைதான். நீளமான முகம், முத்திரை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"சின்னத்துரை எழும்பேக்கை முழங்காலுக்குள்ளை அப்பளம் நொறுங்கிற சத்தம் கேக்குது, அண்ணை."

"நொண்டுதோ?"

"நொண்டேல்லை. யோசிச்சு யோசிச்சு நடக்குது."

"மிருக டொக்டரம்மாவிட்டைக் காட்டினனியோ?"

"காட்டினால் ஓய்வு குடு எண்டுவா. கலியாண மாசம் வருது. ஓய்வு குடுத்தால் அதுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

குதிரைக்கென்றே மூட்டுப் பவுடர் வருகிறது, வாளியில். கொழும்பில் ஒருவரிடம் போன் எடுத்து விலையைக் கேட்டு அவனுக்குச் சொன்னேன். கதிரையிலிருந்து எழும்பியவன், அப்படியே மறுபடியும் இருந்தான்.

"அண்ணை, உந்தப் பவுடரை நான் சாப்பிட்டால் நானே மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவன்."

சிரித்தான். பிறகு சொன்னான்: "நடக்கேலாமப் போனால் நான் வைச்சுப் பாக்கேலாது. கேட்டு ஒருத்தன் வந்திட்டான். சொன்னால் லொறியோடை வாறன் எண்டவன்."

எங்கே கொண்டுபோவான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுக் குதிரையை லொறியில் ஏற்றுகிறவன், அதில் சவாரி பழகுவதற்காக ஏற்றுவதில்லை.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். கொழும்புக்காரர் போனில் அனுப்பிய வாளியின் படத்தைப் பெரிதாக்கி, அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்த்தேன். முதலாவதாக இருந்தது குளுக்கோசமின்.

"அட, இது எங்கடை அலுமாரியிலை கிடக்கிற சாமானல்லோ!"

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் கிடக்கும், போய்ப் பாருங்கள். கனடாவில், லண்டனில், அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் மூட்டுக் குளிசைப் போத்தல் வந்து நிற்கும். என் மகள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது ஆறு. ஒன்றின் மூடியைக்கூட உடைக்கவில்லை. குளிசையா அது? பயற்றம் பணியாரத்தின் தம்பி. மனிசனின் தொண்டையை அளக்காமல் செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, "குளிசை குடிக்கிறியளோ?" என்று மகள் கேட்டால், நானும் மனைவியும் ஒரே குரலில் "ஓம் பிள்ளை" என்போம். அப்படிச் சொல்லாவிட்டால் அடுத்த அரை மணி நேரம் அதுதான் கதை.

"ஒரு ஆளுக்கு நாளுக்கு ரெண்டு எண்டு போட்டிருக்கு," என்றேன் தவத்திடம். "சின்னத்துரை எட்டு ஆள் பாரம் இருப்பார். பதினாறு குடு."

பெருக்கத் தெரிந்தால் போதும், மருந்து தெரிந்த மாதிரித்தான் என்று நினைத்த காலம் அது.

தவம் ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். போனவன் இரண்டாம் நாளே முப்பத்தொரு போத்தலுடன் வந்து நின்றான். ஒருவர்கூட மறுக்கவில்லையாம். வருடக்கணக்காக மனதில் கிடந்த குற்றம் கழுவுப்பட்ட மாதிரி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்களாம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் நான்கு போத்தல் கொடுத்து, எது எந்த மகன் அனுப்பியது என்று கடதாசியில் எழுதியும் கொடுத்தார். கோழி வளர்க்கிற பூமணி அக்கா ஒரு போத்தலைக் கையில் திணித்துவிட்டு, "மற்றப் போத்தலிலை இருந்ததைக் கோழிக்குப் போட்டுப் பாத்தன். கோழியும் தொடேல்லை. குதிரை கெட்டிக்காரப் பிள்ளை, குடிக்கும்" என்றாவாம்.

சின்னத்துரையும் தொடவில்லை. குளிசையை இடித்து, தவிட்டில் கலந்து, பனங்கட்டி சேர்த்து உருட்டிக் கொடுத்த பிறகுதான் சாப்பிட்டது. அதிலும் முதலில் பனங்கட்டியைப் பிரித்து எடுக்கப் பார்த்தது.

அன்றையிலிருந்து பின்னேரத்தில் ஊர்ச் சனம் தவத்தின் வீட்டு வளவில் கூடத் தொடங்கியது. தங்கள் குளிசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? குதிரையைக் கயிற்றில் பிடித்துத் தவம் ஒரு சுற்று நடத்துவான். இவர்கள் மாமர நிழலில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்து பார்ப்பார்கள்.

"லண்டன் குளிசை இடது முழங்காலுக்குப் போயிருக்கு," என்றார் ஒருவர், நல்ல நிச்சயமாக. "வலது கனடா. பாருங்கோ, வலதுதான் முன்னுக்குப் போகுது."

"உவருக்கு எப்பவும் கனடாதான் முன்னுக்கு," என்றார் அதிபர். "ரெண்டும் மாறி மாறித்தான் ஐயா முன்னுக்குப் போகும். அதைத்தான் நடக்கிறது எண்டு சொல்லுறது."

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவும் அங்கேயே வரத் தொடங்கியது. ஒரு நாள் என் பக்கத்தில் இருந்த தியாகு அண்ணையிடம் மகள் மெல்பனிலிருந்து கேட்டாள்:

"அப்பா, முழங்கால் எப்பிடி?"

"சோக்காய் இருக்கு பிள்ளை. இப்ப நல்லாய் நடக்கிறார்."

"ஆர் அப்பா?"

"நான்தான்."

"குளிசை முடிஞ்சிருக்குமே?"

"முடியப்போகுது. பதினாறு பதினாறாயல்லோ போகுது."

மகள் பயந்துபோய் மெல்பனில் ஒரு டொக்டரிடம் ஓடியிருக்கிறாள். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிவிட்டு இன்னும் மூன்று போத்தல் அனுப்பினாள். இப்படியே குதிரை சாப்பிடச் சாப்பிட வெளிநாட்டிலிருந்து வரத்தும் கூடிக்கொண்டு போனது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சந்தோசம். அப்பா அம்மா ஒருமாதிரிச் சொல்வழி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழிந்தது. சின்னத்துரை முன்னையைவிடக் கொஞ்சம் குறைவாக யோசித்து நடந்ததா, அல்லது நாங்கள் அப்படிப் பார்க்க விரும்பினோமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. வருகிற ஆள் எல்லாம் மடியில் பனையோலைக் குட்டானோடு ஒரு பனங்கட்டியை வைத்துக்கொண்டு வந்ததில், வயிறு மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்கிற அளவுக்குப் பெருத்திருந்தது.

பிறகு அந்தக் கிழமை வந்தது. அரியாலையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை சுவிஸ். தவம் முற்பணம் வாங்கியாகிவிட்டது. நான்கு நாள் முன்னால் காலையில் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை! ஓடுது!"

"எது?"

"சின்னத்துரை! வேலியைப் பாஞ்சு அதிபற்றை வாழைக்குள்ளை ஓடிட்டுது. முழங்காலிலை ஒரு சத்தமில்லை. உங்கடை கையை ஒருக்கா நீட்டுங்கோ, வந்து கும்பிடோணும்."

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான், வளவைச் சுற்றிப் பந்தயக் குதிரை மாதிரியே ஓடியது. முறிந்த வாழைக்கு அதிபர்கூடக் கோபப்படவில்லை. "என்ரை மூத்தவன் அனுப்பினது" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பது வருடம் மருந்து விற்றவன் நான். மூட்டுக்குக் கொடுக்கிற சத்து எதுவும் இப்படி ஒரே இரவில் குதிக்க வைத்ததை நான் கண்டதில்லை. வேலை செய்தால் பூசணி காய்க்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாமல்தான் செய்யும். இது வாணம் விட்ட மாதிரி இருந்தது. ஆனால், பிள்ளைகளே, சந்தேகம் வந்த அந்த இரவு நான் செய்தது என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. கையைக் கும்பிட ஆள் வருகிறபோது, அந்தக் கையால் போனை எடுத்து டொக்டரைக் கேட்க மனம் வரவில்லை. மூன்று நாள் இப்படிப் போனது.

கலியாணத்தன்று காலை கடையைத் திறந்து அரை மணித்தியாலம் இருக்கும். பூமணி அக்கா கோழிக்குப் பூச்சி மருந்து வாங்க வந்தா. நடை கொஞ்சம் கெதியாக இருந்தது.

"என்னக்கா, முழங்கால் பறவாயில்லையோ?"

"முழங்கால் பறவாயில்லை தம்பி. தொண்டைதான் கிழியுது. ஆசுப்பத்திரிக் கிளினிக்கிலை நோவுக்குத் தாற குளிசையை இப்ப மாத்திப்போட்டாங்கள் போல. முந்திச் சின்னன். இப்ப பெருவிரல் மொத்தம். ரெண்டாய் முறிச்செல்லோ விழுங்கிறன்."

"கிளினிக் குளிசையை எதுக்குள்ளை போட்டு வைக்கிறனியள்?"

"மகள் அனுப்பின போத்தலுக்குள்ளை. வெளிநாட்டுப் போத்தல், நல்ல இறுக்கமான மூடி. கோழிக்குப் போட்டது போக வெறுமையாய்க் கிடந்தது. ஏன், எறியிறதோ?"

பூச்சி மருந்தைத் திரும்ப மேசையில் வைத்தேன். எங்கள் வீட்டில் கடுகு நிற்பதும் வெளிநாட்டு மருந்துப் போத்தலில்தான். ஊசி, பொத்தான், வெந்தயம் எல்லாமே அதற்குள்தான். போத்தலில் ஒட்டியிருக்கிற தாளை வாசித்து உள்ளே இருப்பதை நம்புகிறவன் எங்கள் ஊரில் பிறந்தவனே இல்லை. ஆனால் அதே ஊரில் பிறந்த நான், அதைத்தான் செய்திருந்தேன்.

"அக்கா, உங்களிட்டை ஒரே மாதிரி ரெண்டு போத்தல் இருந்ததோ?"

"ஓம். ஒண்டைக் குதிரைக்குக் குடுத்தன்."

"கிளினிக் குளிசை எத்தினை நாளாய்ச் சேத்து வைச்சிருந்தனியள்?"

"நோ வந்தால் மட்டும்தானே குடிக்கிறது. ஒரு வருசமாய்ச் சேத்தது இருக்கும்."

தவத்துக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? டொக்டரம்மாவுக்கு எடுத்தேன். அரச கால்நடை வைத்தியர், என் மகளைவிட வயது குறைந்தவ. எனக்கு இந்தத் தொழிலில் வாய்த்த ஆசிரியர் யாரென்றால் அவதான் என்று இப்போது சொல்வேன். அன்றைக்கு வரை, படித்த சின்னப் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவ ஏசவில்லை.

"எத்தினை குளிசை குடுத்தது?"

"தெரியாது டொக்டர்."

"என்ன குளிசை?"

"நோக் குளிசை. பெயர் தெரியாது."

"வேறை என்னென்ன குடுத்தது?"

"அதுவும் தெரியாது."

"சரி. முதல்லை ஆரையும் ஏறவிடாதையுங்கோ. அதின்ரை முழங்கால் சுகப்படேல்லை, நோ தெரியாமல்தான் நிக்குது. நோ தெரியாத காலிலை பாரம் ஏத்தினால் அது அடக்கிப் பிடியாது, முறியிற வரைக்கும் நடக்கும். நான் பின்னாலை வாறன். நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கோ, நாள் நட்சத்திரம் சரியில்லை எண்டு கதை விடாதையுங்கோ."

அந்தக் கடைசி வசனம் எனக்கு ஏன் சொன்னா என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியில் போகும்போது நான் யோசித்துக்கொண்டு போனதே அதுதான். நட்சத்திரம் சரியில்லை என்று சொல்லலாம். குதிரைக்குத் தொற்று வருத்தம் என்று சொல்லலாம். குதிரை மாப்பிள்ளையைப் பார்த்து மிரளுது என்றுகூடச் சொல்லலாம். நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் ஏழு பொய் தயார்.

போய்ச் சேர்ந்தபோது சின்னத்துரை நெற்றிப்பட்டமும் சரிகைத் துணியும் போட்டு, கால் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு மேசை. மேசைக்குப் பக்கத்தில் தலைப்பாகையுடன் மாப்பிள்ளை. நல்ல மனிசன், நாற்பது வயதிருக்கும். ஆனால் நான் பெருக்கிப் பழகியவன் அல்லவா? ஒரு பார்வையிலேயே தெரிந்தது, அது ஒரு ஆள் இல்லை, ஒன்றரை ஆள். மேலே ட்ரோன் இரைந்துகொண்டு நின்றது.

ஏழு பொய்யும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "ஏறாதையுங்கோ! குதிரைக்கு நான் பிழையான மருந்து சொல்லிப்போட்டன்!"

மேளம் நின்றது. தவம் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அண்ணை, நேற்றுவரை கை தட்டினனீங்கள்!"

"பூமணி அக்காவின்ரை போத்தலுக்குள்ளை இருந்தது மூட்டுக் குளிசை இல்லையடா, கிளினிக் நோக் குளிசை. சின்னன் சின்னனாய் இருந்ததை நீ கவனிக்கேல்லையோ?"

"கவனிச்சனான். விலை கூடின சாமான் சின்னனாய்த்தானே இருக்கும் எண்டு முப்பத்திரண்டாய்க் குடுத்தனான்."

"ஐயோ."

"ஐயோவோ? எட்டாலை பெருக்கினது ஆர்?"

மாப்பிள்ளையின் மாமா நடுவில் வந்தார். "இப்ப என்ன பிரச்சினை? குதிரைக்கு நோ இல்லைத்தானே? இஞ்சை வந்து நிக்கிற சனத்திலை பாதி நோக் குளிசை போட்டுக்கொண்டுதான் கலியாணத்துக்கு வந்திருக்கு. ஏத்துங்கோ தம்பியை. மண்டப வாசல் மட்டும்தானே!"

"கொஞ்சத் தூரம்தானே" என்றார் இன்னொருவர். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஏறினால் பாரம் குறையும்" என்றார் மேளக்காரர்களில் ஒருவர். ட்ரோன் பெடியன் மட்டும், "அங்கிள், பற்றரி முடியப்போகுது" என்றான்.

மாப்பிள்ளை மேசையில் ஒரு கால் வைத்தபடியே என்னைக் கேட்டார்.

"நான் ஏறினால் அதுக்கு நோகுமோ?"

"இப்ப நோகாது தம்பி. அதுதான் பிரச்சினை. நாளைக்கு நோகும். நாளண்டைக்கு எழும்பாது. எழும்பாட்டில் அதுக்கு ஒரு லொறி பாத்துக்கொண்டு நிக்குது."

அவர் குதிரையைப் பார்த்தார். அது அவரை, முத்திரை குறைவாக ஒட்டிய கடிதத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தது. மாப்பிள்ளை மேசையிலிருந்து காலை எடுத்தார்.

"மாமா, நான் நடக்கிறன்."

"டேய், காசு குடுத்தல்லோ குதிரை பிடிச்சது!"

"குதிரையும் நடக்கும். நான் பக்கத்திலை நடக்கிறன். கயிறை என்னட்டைத் தாங்கோ."

அப்படித்தான் போனார்கள். மாப்பிள்ளை இடது பக்கம், தோழன் வலது பக்கம், நடுவில் மேலே யாரும் இல்லாமல் சரிகைத் துணியுடன் சின்னத்துரை. யாருக்குக் கலியாணம் என்று தெருவில் போன ஒரு சைக்கிள்காரருக்கு விளங்கவில்லை. இறங்கி நின்று குதிரையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னால் டொக்டரம்மா மோட்டார் சைக்கிளில் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தா. தவம் அன்று முழுக்க என்னுடன் கதைக்கவில்லை.

மருந்து இறங்கினதும், சொன்ன மாதிரியே, சின்னத்துரை படுத்துவிட்டது. வயிறும் புண்பட்டிருந்தது. இரண்டு நாள் எழும்பவில்லை. அந்த இரண்டு நாளும் நான் கடை திறக்கவில்லை. தவத்தின் வளவில் போய் இருந்தேன். அவன் என்னைப் போகச் சொல்லவுமில்லை, இரு என்று சொல்லவுமில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், குதிரையின் தலைமாட்டில் இருந்துகொண்டு அவன் போனில் யாருக்கோ, "இல்லை, லொறி வேண்டாம். இன்னும் பாக்கிறம்" என்று சொன்னது கேட்டது. மூன்றாம் நாள் காலையில் அது எழும்பி நின்றது. முழங்காலில் அப்பளம் நொறுங்கிற சத்தம் திரும்ப வந்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு கிழவர்கள் அழுததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் தவம். கிழவனாகவில்லைத்தான், ஆனால் அந்த மூன்று நாளில் ஆகியிருந்தான்.

அன்று டொக்டரம்மா போத்தல் கொடுத்த எல்லோரையும் வளவுக்குக் கூப்பிட்டா. ஒரு பாயை விரித்து, மிச்சமிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டச் சொன்னா. சரியான மூட்டுக் குளிசை பாதிக்கு மேல் இருந்தது. மற்றவற்றில் பிறசர் குளிசை, அந்துருண்டை, செவ்வந்தி விதை, கற்கண்டு. அதிபரின் நான்காவது போத்தலிலிருந்து ஒரு சோடித் தோடு விழுந்தது. அவருடைய மனைவி நான்கு வருடமாகத் தேடினதாம்.

"இதை இடிச்சுப் போட்டிருந்தால்?" என்று கேட்டார் அதிபர்.

"குதிரை திருப்பித் தந்திருக்கும் சேர்," என்றா டொக்டரம்மா. "ஆனா நீங்கள்தான் தேடியிருக்கோணும்."

பிறகு என் பக்கம் திரும்பினா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணை, உந்தக் குளுக்கோசமின் குதிரைக்கு வேலை செய்யுமோ எண்டு என்னைக் கேட்டால், நிச்சயமாய்ச் சொல்லேலாது. சிலது கேக்கும், சிலது கேளாது. குடுக்கிறதெண்டால் உடைக்காத போத்தல், ஒரே சாமான், திகதி பாத்து, அளவு என்னட்டைக் கேட்டு. ரெண்டு மாசம் குடுத்து வித்தியாசம் இல்லையெண்டால் நிப்பாட்டுங்கோ. ஆனா அதுக்கு முதல் செய்யிற வேலை வேறை இருக்கு. ஆர் இதுக்குப் பனங்கட்டி குடுத்தது?"

எல்லோருடைய கையும் மடிப் பக்கம் போனது.

"முழங்காலுக்கு மேலை இருக்கிற வயித்தைக் குறைச்சால் அரைவாசி மருந்து. குளம்பு வளந்து கிடக்கு, அதை வெட்டினால் இன்னும் கொஞ்சம். காலமை மணல் தரையிலை மெல்ல நடத்துங்கோ. கட்டி வைச்சால் இறுகிப்போகும். ஏத்திறதெண்டதை இனி மறந்திடுங்கோ. இதுக்கு ஒண்டுக்கும் கொழும்புக்குப் போன் எடுக்கத் தேவையில்லை."

நான் முப்பது வருடம் மருந்து விற்றிருக்கிறேன். மலிவான மருந்து எது என்று கேட்டவனுக்கு, மருந்து இல்லாமல் என்ன செய்யலாம் என்று சொல்லலாம் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மேசைக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தோன்றாது. நமக்குப் பின்னால் இருப்பது தட்டுத் தட்டாகப் போத்தல்தானே. அதனால்தான் சொல்கிறேன், கேட்பவரை இருத்தி, மிருகம் என்ன சாப்பிடுகிறது, எங்கே கட்டியிருக்கிறது, யார் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அவர் கையில் ஒரு போத்தல் இருந்தால், ஒட்டியிருக்கிற தாளைப் பார்க்க வேண்டாம், மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே தெரிந்தவரைக் கேளுங்கள். நான் மூன்று நாள் பிந்தினேன். சின்னத்துரையை அது கிட்டத்தட்ட முடித்திருக்கும்.

பூமணி அக்காவிடம் டொக்டரம்மா, கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லச் சொன்னா. அக்காவுக்குத் தான் இவ்வளவு நாளும் குதிரைக்குரியதை விழுங்கிவிட்டோம் என்ற கவலைதான். "குதிரையை விட்டால் ஊரிலை இதைக் குடிச்ச ஒரே சீவன் நான்தானோ?" என்று கேட்டுவிட்டு, மீதியையும் கொண்டுபோனா. முழங்கால் நல்லாயிருக்கிறதாம். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். வாயை மூடப் பழகிவிட்டேன்.

இனி ஏற்ற முடியாத குதிரையைக் கலியாணத்துக்கு யார் பிடிப்பார்கள், லொறிக்காரன்தான் வருவான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் சுவிஸ் மாப்பிள்ளையின் கலியாணப் படம் போனில் ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த மாதம் கொடிகாமத்தில் ஒரு வீட்டார் தவத்தைக் கேட்டார்கள்: "அண்டைக்கு மாதிரி. மாப்பிள்ளை பக்கத்திலை நடக்கிற மாதிரி." பிறகு உரும்பிராயில் ஒன்று, கோப்பாயில் இரண்டு.

போன தைமாதம் நல்லூர்ப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மெலிந்து, குளம்பு வெட்டி, சரிகை போட்டுக்கொண்டு சின்னத்துரை வாசலில் நின்றது. மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்து நடந்து வந்தார். என் பக்கத்தில் இருந்த பெரியவர், லண்டனிலிருந்து வந்திருந்த தன் பேத்திக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"மற்ற ஊர்களிலைதான் பிள்ளை குதிரையிலை ஏறுவினம். எங்கடை ஆக்கள் அந்தக் காலந்தொட்டே ஏறிறேல்லை. பக்கத்திலைதான் நடக்கிறது. அது எங்கடை வழக்கம்."

பிறகு ஒரு சாட்சி வேண்டும் போல, என் பக்கம் திரும்பினார்.

"இல்லையோ ஐயா?"

"ஓம், ஓம்," என்றேன். "எங்கடை வழக்கம்தான்."